உலக நம்பர் 1 வீராங்கனை, நான்காம் அடுக்குப் போட்டி: ஐதராபாத்தில் தொடங்கிய ஏணியில் இந்திய மகளிர் டென்னிஸ் இன்று எங்கே நிற்கிறது?

2015 ஏப்ரல் 13, திங்கள்கிழமை. மகளிர் இரட்டையர் டென்னிஸ் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தார் சானியா மிர்சா. இந்தியப் பெண் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் மார்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து பட்டம் வென்றிருந்தார்.

அடுத்த நாள், ஏப்ரல் 14. ஐதராபாத் லால் பகதூர் டென்னிஸ் ஸ்டேடியத்தில் ஃபெட் கோப்பை போட்டிகள் தொடங்கின. இந்திய அணியில் சானியா இருந்தார். ஆனால் அது உலகின் சிறந்த அணிகள் மோதும் மேடை இல்லை. 'ஆசியா-ஓசியானியா மண்டலம், குரூப் 2'. அன்றைய அமைப்பில் மேலிருந்து எண்ணினால் நான்காவது அடுக்கு.

உலகின் நம்பர் 1 வீராங்கனை எதற்காக நான்காவது அடுக்கில் விளையாட வேண்டும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினாலே, 'பில்லி ஜீன் கிங் கோப்பை' என்று இன்று அழைக்கப்படும் அந்தப் போட்டி எப்படி இயங்குகிறது என்பதும், இந்திய மகளிர் டென்னிஸின் பலமும் பலவீனமும் எங்கே இருக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

பில்லி ஜீன் கிங் கோப்பை என்றால் என்ன?

டேவிஸ் கோப்பை நம்மில் பலருக்குத் தெரியும். ராமநாதன் கிருஷ்ணன், அமிர்தராஜ் சகோதரர்கள், லியாண்டர் பயஸ் என்று அதோடு ஒட்டிய பெயர்களும் தெரியும். நாடுகளுக்கு இடையிலான ஆண்கள் டென்னிஸ் போட்டி அது. அதன் மகளிர் வடிவம்தான் பில்லி ஜீன் கிங் கோப்பை. 130-க்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொள்ளும் போட்டி இது.

டேவிஸ் கோப்பை 1900-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கும் அப்படி ஒரு போட்டி வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனை ஹேசல் ஹாட்ச்கிஸ் வைட்மேன் 1919-ல் சொன்னார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் அளித்த கோப்பையை வைத்து 1923-லிருந்து அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டும் தங்களுக்குள் மோதிக்கொண்டன. உலகளாவிய போட்டி வர 1963 ஆனது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் 50-வது ஆண்டையொட்டி, லண்டன் குயின்ஸ் கிளப்பில் 16 நாடுகளோடு 'ஃபெடரேஷன் கோப்பை' தொடங்கியது. ஆண்களுக்குப் பிறகு 63 வருஷம் கழித்து!

அப்போது பரிசுப் பணம் கிடையாது. அணிகள் சொந்தச் செலவில்தான் வந்தன. ஆட்ட முறை எளிமையானது: ஒரே ஊர், ஒரே வாரம், முழுக்க நாக்-அவுட். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் இறுதிப் போட்டியில் அமெரிக்கா ஆஸ்திரேலியாவை 2-1 என்று வென்றது. இதுவரை 18 பட்டங்களோடு அமெரிக்காதான் முன்னிலையில் இருக்கிறது.

இந்தியாவின் கதையிலும் இதே இடைவெளி உண்டு. நம் ஆண்கள் அணி டேவிஸ் கோப்பையில் முதலில் ஆடியது 1921-ல். மகளிர் அணி இந்தக் கோப்பைக்குள் வந்தது 1991-ல். நடுவில் 70 ஆண்டுகள். அதற்குள் ஆண்கள் அணி 1966, 1974, 1987 என்று மூன்று முறை டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுவரை போய்விட்டது.

பெயர் ஏன் மாறியது?

1995-ல் 'ஃபெடரேஷன் கோப்பை' சுருங்கி 'ஃபெட் கோப்பை' ஆனது. 2020 செப்டம்பரில் அது 'பில்லி ஜீன் கிங் கோப்பை' ஆனது.

1963-ல் முதல் கோப்பையை வென்ற அமெரிக்க அணியில் 19 வயதுப் பெண்ணாக இருந்தவர் பில்லி ஜீன். வீராங்கனையாகவும் கேப்டனாகவும் சேர்த்து 10 முறை இந்தக் கோப்பையை வென்றிருக்கிறார். ஆனால் பெயர் சூட்டப்பட்டதற்கு அது மட்டுமே காரணம் அல்ல. 1970-ல், ஆண்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பணத்தில் சிறு பங்கையே பெண்களுக்குக் கொடுத்த அமைப்பாளர்களை எதிர்த்து, 1 டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனித் தொடர் தொடங்கிய ஒன்பது பெண்களில் அவரும் ஒருவர். 1973-ல் டபிள்யூடிஏ என்ற மகளிர் டென்னிஸ் சங்கம் உருவாகவும் அவரே முன்னின்றார். இன்று டென்னிஸில் ஒரு பெண் சம்பளம், பரிசுத்தொகை என்று பேச முடிகிறது என்றால், அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவருடைய பெயர்தான் கோப்பையில் இருக்கிறது.

ஒரு மோதல் எப்படி நடக்கும்?

இங்கேதான் முக்கியமான கணக்கு இருக்கு. இது புரிந்தால் மீதிக் கதை தானாகப் புரியும்.

இரண்டு நாடுகள் மோதும்போது மொத்தம் மூன்று ஆட்டங்கள்: இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். இரண்டை வென்ற நாடு ஜெயித்தது. வரிசையும் நிர்ணயமானது. முதலில் இரு அணிகளின் இரண்டாம் நிலை வீராங்கனைகள் ஒற்றையரில் ஆடுவார்கள். அடுத்து இரு அணிகளின் முதல் நிலை வீராங்கனைகள். கடைசியாக இரட்டையர். யார் முதல் நிலை, யார் இரண்டாம் நிலை என்பதைத் தீர்மானிப்பது ஒற்றையர் தரவரிசை. பலவீனமான அணிக்கு எதிராக நம் நட்சத்திரத்தை முதலில் இறக்கலாம், வலுவான அணிக்கு எதிராக ஒளித்து வைக்கலாம் என்பதெல்லாம் நடக்காது.

இன்னொரு சுவாரஸ்யம்: டென்னிஸ் வீராங்கனை மைதானத்தில் பெரும்பாலும் தனிதான். இந்தக் கோப்பையில் அணியின் கேப்டன் கோர்ட்டின் ஓரத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கம் மாறும்போதெல்லாம் ஆலோசனை சொல்வார். 'அணி' என்ற சொல்லுக்கு டென்னிஸில் அர்த்தம் கிடைக்கும் சில இடங்களில் இது ஒன்று.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்களிடம் உலகத் தரமான இரட்டையர் ஜோடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு புள்ளி கிட்டத்தட்ட உறுதி. மீதமுள்ள இரண்டு ஒற்றையரில் ஒன்றை வென்றால் போதும். ஆனால் எதிரணியிடம் இரண்டு நல்ல ஒற்றையர் வீராங்கனைகள் இருந்துவிட்டால்? இரட்டையர் தொடங்கும் முன்பே 0-2. உங்கள் நட்சத்திர ஜோடி கோர்ட்டுக்குள் இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அதாவது, நல்ல இரட்டையர் ஜோடியும் ஒரு நல்ல ஒற்றையர் வீராங்கனையும் இருந்தால் மண்டல அளவில் ஜெயித்துவிடலாம். அதற்கு மேலே போக இரண்டாவது ஒற்றையர் வீராங்கனை கட்டாயம் வேண்டும். கடந்த பத்தாண்டு இந்திய மகளிர் அணியின் கதை இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும்.

நாக்-அவுட்டுக்குப் போகும் ஏணி

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் இறுதிச் சுற்று, ஏணியின் உச்சிப் படி மட்டும்தான். 2025 அமைப்பை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

உச்சியில் எட்டு நாடுகள் மோதும் இறுதிச் சுற்று. காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று முழுக்க நாக்-அவுட். 2025 செப்டம்பரில் சீனாவின் ஷென்ஜென் நகரில் நடந்தது. இத்தாலி, அமெரிக்காவை 2-0 என்று வென்று தொடர்ந்து இரண்டாவது முறை கோப்பையை வென்றது.

அதற்குக் கீழே தகுதிச் சுற்று. மூன்று மூன்று நாடுகளாகக் குழுக்கள். குழுவில் முதலிடம் பிடித்தால் இறுதிச் சுற்று. அதற்குக் கீழே நவம்பரில் நடக்கும் பிளே-ஆஃப். அதிலும் மும்மூன்று நாடுகள். முதலிடம் பிடித்தால் அடுத்த ஆண்டு தகுதிச் சுற்று. மற்றவர்கள் மண்டலத்துக்குத் திரும்ப வேண்டும்.

அதற்கும் கீழேதான் மண்டலப் போட்டிகள். இந்தியா இருப்பது ஆசியா-ஓசியானியா மண்டலத்தில். குரூப் 1, அதற்கடுத்து குரூப் 2 என்று இறங்கிக்கொண்டே போகும். இங்கே நாக்-அவுட் இல்லை, லீக். ஒரே ஊரில், நான்கைந்து நாளில், தினமும் ஒரு நாட்டோடு மோத வேண்டும். இன்று மூன்று மணி நேரம் ஒற்றையர் ஆடியவர் நாளைக் காலை மறுபடியும் ஆட வேண்டும். அணியின் ஆழம் இங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஐதராபாத் 2015: முதல் படி

இப்போது தொடக்கக் கேள்விக்கான பதில் தெளிவாகியிருக்கும். தரவரிசை தனி மனிதருடையது, அடுக்கு நாட்டினுடையது. சானியா உலகின் முதலிடத்தில் இருக்கலாம், ஆனால் அவரோடு நிற்கும் ஒற்றையர் வீராங்கனைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் இந்தியாவும் இருக்கும்.

போட்டி ஐதராபாத்துக்கு வந்ததில் ஒரு பொருத்தமும் இருந்தது. அந்த நகரத்துக்கும் இந்திய மகளிர் டென்னிஸுக்கும் ஏற்கெனவே நெருங்கிய உறவு உண்டு. 2003-ல் ஐதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதின்ம வயது சானியா நான்கு தங்கம் வென்றார். 2005 பிப்ரவரியில் ஐதராபாத் ஓப்பனில் உக்ரைனின் அலியோனா பொண்டரென்கோவை வீழ்த்தி, டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

2015 ஏப்ரலில் அதே நகரத்தில் சானியா, அங்கிதா ரெய்னா, பிரார்த்தனா தோம்ப்ரே உள்ளிட்டோர் கொண்ட அணி குரூப் 2-ஐ வென்று குரூப் 1-க்கு உயர்ந்தது. நான்காம் அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்கு. பெரிய தலைப்புச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்று பெயர்களில் இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கிதாவும் பிரார்த்தனாவும் பத்து வருஷம் கழித்தும் இதே கதையில் வருவார்கள்.

துபாய் 2020: அம்மாவாகத் திரும்பிய சானியா

குரூப் 1-க்கு வந்த பிறகு ஐந்தாண்டுகள் இந்தியா அதே படியில் நின்றது. 2018 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த போட்டியில் சீனாவின் ஜு லின், கஜகஸ்தானின் யூலியா புடின்ட்சேவா போன்ற தன்னைவிடப் பல படி மேலே இருந்தவர்களை அங்கிதா வீழ்த்தினார். ஆனால் ஒருவர் வென்றால் மட்டும் அணி உயராதே.

2020 மார்ச்சில் துபாயில் அது மாறியது. 2018 அக்டோபரில் குழந்தை பெற்ற சானியா, அந்த ஜனவரியில்தான் மீண்டும் களத்துக்கு வந்திருந்தார். வந்ததும் ஹோபார்ட்டில் உக்ரைனின் நாதியா கிச்செனோக்குடன் இரட்டையர் பட்டமும் வென்றிருந்தார். துபாயில் முதல் மோதலில் சீனாவிடம் தோற்ற இந்தியா, அடுத்த நான்கையும் வரிசையாக ஜெயித்தது.

கடைசி மோதல் இந்தோனேசியாவோடு. முதல் ஒற்றையரில் ருதுஜா போஸ்லே தோற்றார். இரண்டாவதில் அங்கிதா ஜெயித்தார். 1-1. அப்புறம் சானியாவும் அங்கிதாவும் இரட்டையரில் இறங்கி 7-6, 6-0 என்று முடித்தார்கள். நாம் மேலே போட்ட கணக்கு அப்படியே நடந்த நாள் அது: ஒரு ஒற்றையர், ஒரு இரட்டையர். இந்தியா முதல் முறையாக உலக அளவிலான பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றது.

அந்த ஆண்டு மே மாதம், ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 'ஃபெட் கோப்பை ஹார்ட்' விருது சானியாவுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். பரிசுத் தொகையான 2,000 டாலரைக் கொரோனா நிவாரணத்துக்காகத் தெலங்கானா முதல்வர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்.

லாத்வியா 2021: கணக்கு எங்கே இடித்தது?

பிளே-ஆஃபில் எதிரணி லாத்வியா. மக்கள்தொகையில் ஐதராபாத் நகரத்தைவிடப் பல மடங்கு சிறிய நாடு. மொத்தமே இருபது லட்சத்துக்குள்தான். ஆனால் அவர்களிடம் இருந்தது என்ன? 2017 பிரெஞ்ச் ஓப்பன் சாம்பியன் யெலெனா ஓஸ்டாபென்கோ. கூடவே, 2018 அமெரிக்க ஓப்பன் அரையிறுதிவரை போன அனஸ்தாசியா செவஸ்தோவா. இரண்டு ஒற்றையர் வீராங்கனைகள்!

அந்தச் சுற்றில் மோதலின் வடிவமும் வேறு: நான்கு ஒற்றையர், அதன் பிறகே ஒரு இரட்டையர். நம் பலம் கடைசிக்குத் தள்ளப்பட்டது, பலவீனம் இரட்டிப்பானது. 2021 ஏப்ரலில் யூர்மலாவில் நடந்த முதல் ஆட்டத்தில், அங்கிதா ஓஸ்டாபென்கோவிடம் மூன்று செட் போராடி, கடைசி செட்டை 5-7 என்று இழந்தார். அடுத்து கர்மன் கௌர் தண்டி செவஸ்தோவாவிடம் தோற்றார். இறுதியில் லாத்வியா 3-1 என்று வென்றது. இந்தியா மறுபடியும் மண்டலத்துக்கு வந்தது.

சானியா 2023-ல் ஓய்வு பெற்றார். அந்த மார்ச்சில் அவருடைய விடைபெறும் காட்சி ஆட்டங்கள் நடந்ததும் ஐதராபாத்தின் அதே லால் பகதூர் ஸ்டேடியத்தில்தான்.

புனே, பெங்களூரு 2025: இன்னொரு ஐதராபாத் பெண்

சானியா இல்லாத அணி என்ன செய்யும்? அந்தக் கேள்விக்கு 2025 ஏப்ரலில் புனேயில் ஒரு பதில் வந்தது. மீண்டும் ஐதராபாத்திலிருந்தே.

ஸ்ரீவல்லி ரஷ்மிகா பமிடிபாட்டி. உயரமானவர், வலுவான சர்வீஸ், வேகமான ஷாட்கள். அப்போது உலகத் தரவரிசையில் 300-ஐச் சுற்றி இருந்தார். முதல் மோதலில் நியூசிலாந்திடம் இந்தியா 1-2 என்று தோற்றது. அதன் பிறகு தாய்லாந்து, ஹாங்காங், சீன தைபே, தென்கொரியா. நான்கையும் இந்தியா 2-1 என்றே ஜெயித்தது. ஐந்து நாளில் ஐந்து ஒற்றையர் ஆடிய ஸ்ரீவல்லி ஐந்தையும் வென்றார். இரட்டையருக்கு அங்கிதா, பிரார்த்தனா என்ற அனுபவசாலிகள் இருந்தார்கள்.

நான்கு வெற்றியும் 2-1 என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு ஆட்டத்தை இழந்துகொண்டேதான் இந்தியா மேலே ஏறியது. விஷால் உப்பல் கேப்டனாக இருந்த இந்த அணி, இரண்டாவது ஒற்றையர் இடத்தில் சஹஜா யமலபல்லி, வைதேகி சௌத்ரி என்று ஆளை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் நியூசிலாந்துக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்து, 2020-க்குப் பிறகு மீண்டும் பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றது.

அந்த பிளே-ஆஃப் நவம்பரில் பெங்களூரில். சொந்த மண், சொந்த ரசிகர்கள். எதிரே ஸ்லோவேனியாவும் நெதர்லாந்தும். இரண்டிடமும் இந்தியா தோற்றது. ஸ்லோவேனியா தகுதிச் சுற்றுக்குப் போக, இந்தியா மறுபடியும் ஆசியா-ஓசியானியா குரூப் 1-க்குத் திரும்பியது. 2021-ல் யூர்மலாவில் இடித்த அதே சுவர்.

இரண்டாவது ஒற்றையர் வீராங்கனை ஏன் கிடைக்கவில்லை?

திறமை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பணக் கணக்கைப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும்.

ஒற்றையர் தரவரிசையில் முதல் 100-க்குள் வந்த ஒரே இந்தியப் பெண் இன்றுவரை சானியா மட்டுமே. 2007-ல் 27-வது இடம்வரை போனார். காயங்களுக்குப் பிறகு ஒற்றையரை விட்டு இரட்டையருக்கு மாறினார். அங்கிதாவின் உச்சம் 160.

அந்த 100 என்ற எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கிறது. கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றில் நேரடியாக நுழைய ஏறக்குறைய அந்த இடத்தில் இருக்க வேண்டும். 2025 அமெரிக்க ஓப்பனில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்குக் கிடைத்தது 1,10,000 டாலர். ஏணியின் அடியில் இருக்கும் டபிள்யூ15 போட்டிகளில் என்ன கிடைக்கும்? பெயரிலேயே இருக்கிறது. மொத்தப் பரிசுத் தொகையே 15,000 டாலர்தான். ஒற்றையர், இரட்டையர் எல்லோரும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய தொகை அது. அதற்கு மேலே டபிள்யூ35, டபிள்யூ50 என்று படிப்படியாக ஏற வேண்டும்.

விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சியாளர், பிசியோ எல்லாம் வீராங்கனையின் கைக்காசு. மாதச் சம்பளம் கிடையாது. இரண்டு வாரம் தோற்றால் வருமானம் ஏறக்குறைய பூஜ்யம். செலவு மட்டும் அப்படியே. ஸ்டார்ட்-அப் தொடங்கியவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானதுதான்: லாபம் வரும்வரை தாங்குவதற்குக் கையில் காசு வேண்டும். முதலீட்டாளர் இல்லாமல் இருபது வயதுப் பெண் எத்தனை வருஷம் தாங்குவார்?

இந்தச் சூழலில் இரட்டையருக்கு நகர்வது புத்திசாலித்தனமான முடிவாகவே தெரியும். உடலுக்குச் சுமை குறைவு, ஆட்ட வாழ்க்கை நீளும். தனிப்பட்ட வீராங்கனைக்கு அது சரி. அணிக்குத்தான் ஒற்றையர் இடம் காலியாகிறது.

பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2020-ல் நாம் துபாயில் வீழ்த்திய இந்தோனேசியா. அந்த நாட்டின் ஜானிஸ் ஜென், அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் முடித்துவிட்டு, ஆசியாவில் நடக்கும் சிறிய போட்டிகளை வரிசையாக வென்று ஏறினார். 2025 அமெரிக்க ஓப்பனில் முதல் சுற்றில் ஜெயித்தார். அதே ஆண்டு நம் சென்னை ஓப்பன் பட்டத்தையும் வென்றார். உள்ளூரிலும் அண்டை நாடுகளிலும் போட்டிகள் அடுத்தடுத்து நடந்தால், குறைந்த செலவில் புள்ளிகள் சேர்க்கலாம் என்பதற்கு அவர் சாட்சி.

நாட்டுக்காக ஆடினால் என்ன கிடைக்கும்?

நியாயமான கேள்வி. பில்லி ஜீன் கிங் கோப்பையில் எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் தரவரிசைப் புள்ளிகள் கிடையாது. அந்த ஒரு வாரத்தை வேறொரு போட்டியில் செலவிட்டால் புள்ளியும் கொஞ்சம் பணமும் கிடைக்கலாம். பல நாடுகளின் முன்னணி வீராங்கனைகள் இதைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒலிம்பிக்கில் ஆட வேண்டுமென்றால், குறிப்பிட்ட எண்ணிக்கையில் இந்தக் கோப்பைக்கான தேசிய அணியில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. கீழ்நிலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. டபிள்யூ15 போட்டியில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடும் ஒருவருக்கு, நிரம்பிய அரங்கில், அருகில் கேப்டன் அமர்ந்திருக்க, தன்னைவிட நூறு இடம் மேலே உள்ளவரோடு மோதும் வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது. புனேயின் ஐந்து நாட்களுக்கு முன்பு ஸ்ரீவல்லியின் பெயர் டென்னிஸைத் தொடர்ந்து கவனிப்பவர்களைத் தாண்டி எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

தமிழ்நாட்டின் பங்கு என்ன?

இந்தக் கதையில் கோயம்புத்தூர் இரண்டு முறை வருகிறது. சானியாவுக்கு முன்பே, 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு ஆட்டத்தை வென்று, ஓப்பன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்று ஒற்றையரில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனவர் கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதன்.

இரண்டாவது பெயர் மாயா ராஜேஷ்வரன் ரேவதி. 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த டபிள்யூடிஏ 125 போட்டியில், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து அரையிறுதிவரை போனபோது அவருக்கு வயது 15. ஸ்பெயினில் ரஃபேல் நடால் அகாடமியில் பயிற்சி பெறச் சென்றார். அதே ஏப்ரலில் புனே அணியில் ரிசர்வ் வீராங்கனையாகச் சேர்க்கப்பட்டார். இன்னும் ஜூனியர் வயது. இப்போதே அவர் தோளில் நாட்டின் எதிர்பார்ப்பை ஏற்றுவது நியாயம் இல்லை. ஆனால் அணியின் காலி இடம் எதுவோ, அதை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும் ஒருவர் என்று சொல்லலாம்.

சென்னை நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 2022-லும் 2025-லும் டபிள்யூடிஏ போட்டி நடந்ததும் இங்கே சேரும். இப்படிப்பட்ட போட்டிகளில் உள்ளூர் வீராங்கனைகளுக்கு வைல்டு கார்டு கிடைக்கும். வெளிநாட்டுக்கு லட்சக்கணக்கில் செலவழித்துப் போகாமல், பெரிய வீராங்கனையோடு ஆடிப் பார்க்க அது ஒரு வழி.

அடுத்து எதைக் கவனிக்கணும்?

இனி இந்தியா விளையாடும் பில்லி ஜீன் கிங் கோப்பைச் செய்தி கண்ணில் பட்டால், ஜெயித்ததா தோற்றதா என்பதோடு நிறுத்தாதீர்கள். மூன்று ஆட்டங்களில் எந்த இரண்டை ஜெயித்தது என்று பாருங்கள். ஒரு ஒற்றையர், ஒரு இரட்டையர் என்றால் பழைய கணக்கு தொடர்கிறது. மண்டலத்தில் அது போதும், மேலே போதாது. இரண்டு ஒற்றையரையும் ஜெயித்து, இரட்டையர் ஆட்டம் வெறும் சம்பிரதாயமாகிப் போகும் நாட்கள் அதிகமானால், அணி உண்மையிலேயே மாறிவிட்டது என்று அர்த்தம்.

2015-ல் ஐதராபாத்தில் இந்தியாவிடம் இருந்தது உலகின் சிறந்த இரட்டையர் வீராங்கனை. 2025-ல் அதே ஐதராபாத் கொடுத்தது ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயிக்கும் ஒற்றையர் வீராங்கனை. இரண்டும் பெரிய வரவுகள்தான். ஆனால் எட்டு நாடுகள் மோதும் அந்த நாக்-அவுட் சுற்றுக்குள் இந்தியா இன்னும் ஒரு முறைகூட நுழையவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்த இவர்கள் ஒரே அணியில், ஒரே நேரத்தில், இரண்டு மூன்று பேராக இருக்கும்போதுதான் அந்தக் கதவு திறக்கும். அதற்குப் பெரிய அதிசயம் எதுவும் தேவையில்லை. இருபது வயதில் பணம் இல்லை என்பதற்காக ராக்கெட்டைக் கீழே வைக்காமல் இன்னும் ஐந்து வருஷம் ஆடக்கூடிய சில பெண்கள் போதும்.